வன்னியைப் பற்றிய ஆய்வை வன்னி நூலகத்தில் படிக்க வழி என்ன?

பாலைப்பழம்
4 ஒக்டோபர் 2025, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் துணுக்காய்ப் பக்கம். வெளிவாரியாகப் பட்டப்படிப்புப் படிக்கிறேன், இது கடைசி வருடம். ஆய்வுக்கு எடுத்த தலைப்பு பெண் தலைமைத்துவக் குடும்பங்களும் நுண்கடனும். எங்கள் ஊரில் அதற்கு ஆள் தேடிப் போக வேண்டியதில்லை. ஒழுங்கைக்கு இரண்டு வீடு இருக்கிறது, எங்கள் வீடும் அதில் ஒன்று.

நேற்று நூலகத்துக் கணினியில் இருந்து தேடினேன். முல்லைத்தீவு, கிளிநொச்சி என்று ஆங்கிலத்தில் அடித்து, பக்கத்தில் நுண்கடன் என்று போட்டால் கட்டுரைகள் வரிசையாக வருகின்றன. ஒன்றைத் திறந்தேன். மேலே ஒரு பந்தி சுருக்கம், அதில் எங்கள் பிரிவின் பெயர் இருந்தது. சந்தோசமாகக் கீழே போனேன். ஒரு பெட்டி. முழுக் கட்டுரைக்கு 42 டொலர், அதுவும் 24 மணித்தியாலம் மட்டும் பார்க்கலாம். இன்றைய விலைக்குப் பன்னிரண்டாயிரம் ரூபாவுக்கு மேல். அடுத்த மூன்றையும் திறந்து பார்த்தேன். அங்கேயும் அதே பெட்டிதான்.

எங்கள் வீடுகளுக்கு வந்து, எங்கள் அம்மாமாரை இருத்திக் கேள்வி கேட்டு எழுதியவை இவை. அம்மா எத்தனை முறை அந்தப் படிவங்களுக்குப் பதில் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். நானே பக்கத்தில் இருந்திருக்கிறேன். அவர் சொன்ன பதிலைப் படிக்க நான் காசு கட்ட வேண்டும்.

நான் பதிந்த இடத்தில் கேட்டேன். இவற்றைக் காசு கட்டாமல் படிக்கும் வசதி உள்வாரி மாணவருக்கு மட்டும்தான் என்றார்கள். வேறு நாடுகளில் ஊர்ப் பொது நூலகத்திலேயே இப்படியான கட்டுரைகள் உள்ள தரவுத்தளங்களைப் பார்க்கலாமாம். உண்மையா? இங்கே அது வர என்ன செய்ய வேண்டும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டான்
4 ஒக்டோபர் 2025, இரவு 11.15

உண்மைதான் தங்கச்சி. நான் பிறந்தது முத்தையன்கட்டில், இப்போது இருப்பது அமெரிக்காவில் ஜோர்ஜியா மாநிலத்தில். இங்கே கலிலியோ என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. 1995 இல் தொடங்கினார்கள். முதலில் அரச பல்கலைக்கழகங்கள், பிறகு பொது நூலகங்களும் பள்ளிக்கூடங்களும் சேர்ந்தன. மாநிலம் காசு ஒதுக்கும். எல்லா நூலகங்களுக்குமாக ஒரே இடத்தில் இருந்து விலை பேசி, ஒரே ஒப்பந்தமாக வாங்குவார்கள். ஊர் நூலகம் தனியே போய் வியாபாரியிடம் நிற்பதில்லை. அதனால் ஓர் அறை மட்டும் உள்ள கிராமத்து நூலகத்துக்கும் அட்லாண்டாவின் பெரிய நூலகத்துக்கும் கிடைப்பது ஒன்றே. நூலகத்துக்குப் போயும் பார்க்கலாம், வீட்டில் இருந்தும் பார்க்கலாம்.

விஸ்கொன்சினில் பட்ஜர்லிங்க், டெக்சாசில் டெக்ஸ்ஷெயர், மிச்சிகனில் மெல் என்று மாநிலத்துக்கு மாநிலம் பெயர்தான் வேறு.

என் மனைவி இங்கே வந்து தாதியர் படிப்புப் படித்தார். புத்தகங்களுக்குக் காசு போதாத அந்த இரண்டு வருடமும் எங்களைக் காப்பாற்றியது ஒரு பிளாஸ்டிக் நூலக அட்டை. பிள்ளையை நித்திரையாக்கிவிட்டு இரவு ஒரு மணிக்குக் குசினி மேசையில் இருந்து கட்டுரைகளைத் திறந்து படிப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஒட்டுசுட்டான் நூலகம்தான் நினைவுக்கு வரும். அங்கே எனக்குக் கிடைத்தது மூன்று நாள் பழைய பேப்பர்.

நந்திக்கடல்
5 ஒக்டோபர் 2025, காலை 6.50

இவ்வளவு கதை எதற்கு? சைஹப் என்ற தளத்தில் பதிப்பகங்களின் அனுமதி இல்லாமல் ஏற்றிய கட்டுரைகள் கிடக்கின்றன. கட்டுரையின் இலக்கத்தைப் போட்டு எடுங்கள், இலவசம்.

நூலகத்தடி
5 ஒக்டோபர் 2025, மதியம் 1.20

நான் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு பிரதேச சபை நூலகத்தில் வேலை செய்கிறேன். பிள்ளையின் பதிவை வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

முதலில் நந்திக்கடல் தம்பிக்கு. தனி ஆளாக நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் சபையின் கணினியில் அதைத் திறந்து காட்ட எனக்கு உரிமை இல்லை, நாளைக்குச் சபைக்கு வழக்கு வந்தால் பதில் சொல்ல ஆளும் இல்லை. இன்னொன்று, டெல்லி நீதிமன்றத்தில் பதிப்பகங்கள் போட்ட வழக்கின் பிறகு அந்தத் தளத்தில் புதுக் கட்டுரைகள் ஏற்றுவதை நிறுத்தி வைத்தார்கள். 2021 க்குப் பிந்தியதைத் தேடுகிறவருக்கு அது பெரும்பாலும் உதவாது. பூட்டை உடைத்துப் படிக்கும் நிலையில் ஒரு மாணவியை விட்டிருப்பதே தவறு என்பதுதான் என் கவலை.

முத்தையன்கட்டு அண்ணை சொன்னது எல்லாம் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு ஏமாற்றமாக இருக்கும். அந்த மாநிலங்களில் பொது நூலகத்துக்கு வாங்கித் தருவது பெரும்பாலும் பொதுத் தொகுப்புகள். பத்திரிகைகள், கலைக்களஞ்சியங்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கானவை, பல துறைச் சஞ்சிகைகள் ஓரளவு. ஆகப் பெரிய விஞ்ஞானப் பதிப்பகங்களின் முழுப் பட்டியலும் அதில் வராது. அது அங்கேயும் பல்கலைக்கழக வேலிக்குள்தான் இருக்கிறது.

இனி எங்கள் நிலைமை. என்னிடம் மூன்று கணினி, வேலை செய்வது ஒன்று. சரி, நாளைக்கே யாரோ ஒருவர் சந்தா கட்டித் தருகிறார் என்று வையுங்கள். அந்தத் தரவுத்தளத்துக்கு இது இன்ன நூலகம் என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் இணைய இணைப்பின் ஐபி முகவரியை வைத்துத்தான். பல்கலைக்கழகத்துக்கு அது மாறாத முகவரி. எங்கள் நூலகத்தில் இருப்பது வீட்டுக்குப் போடுவது போன்ற இணைப்பு. கரண்ட் போய் வந்தால் ரௌட்டருக்குப் புது முகவரி கிடைக்கும். காலையில் திறந்த கதவு பின்னேரம் பூட்டிக்கொள்ளும். மாறாத முகவரி வேண்டுமென்றால் மாதா மாதம் தனிக்காசு.

அடுத்தது கணக்கு. எங்கள் சபையின் வரவு செலவுத் திட்டத்தில் நூல் கொள்வனவு என்று ஒரு தலைப்பு உண்டு, பத்திரிகைச் சந்தா என்று ஒன்று உண்டு. புத்தகம் வந்தால் பதிவேட்டில் இலக்கம் போட்டு, முத்திரை குத்தி, அலுமாரியில் வைத்துக் கணக்காய்வுக்குக் காட்டலாம். தரவுத்தளச் சந்தா முடிந்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது. எதற்குக் கட்டினீர்கள் என்று கேட்டால் வாசித்த ஆட்களைத்தான் காட்ட வேண்டும். அதற்கு ஒரு பாவனைப் பதிவேடு வைத்தால் போதும், முடியாத காரியம் இல்லை. ஆனால் அதை விளங்கிக் கையெழுத்துப் போட ஒருவர் வேண்டும்.

தேக்கங்காடு
5 ஒக்டோபர் 2025, மாலை 5.05

நான் மாற்றுக் கருத்துச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள். நெடுங்கேணிப் பக்கம் இன்னும் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் பல மைல் போகிறார்கள். யானை வேலி இல்லை. நூலகத்தில் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் மாதிரி வினாத்தாளே ஒழுங்காக இல்லை. டொலரில் சந்தா கட்டி எத்தனை பேர் படிக்கப் போகிறார்கள்? ஒரு சபையில் வருடத்துக்குப் பத்துப் பேர்? அந்தக் காசுக்குச் சிறுவர் புத்தகம் வாங்கினால் ஆயிரம் பிள்ளை படிக்கும். ஆராய்ச்சி செய்கிறவர் கம்பஸுக்குப் போகட்டும்.

கச்சான்காரன்
5 ஒக்டோபர் 2025, இரவு 8.30

தேக்கங்காடு அண்ணை, நான் கம்பஸ் வாசல் மிதிக்காதவன். விசுவமடுவில் கச்சான் போடுகிறேன். போன வருடம் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், பிறகு நீங்களே சொல்லுங்கள்.

பூ விழுந்து விழுது இறங்குகிற நேரம், செடி ஒவ்வொன்றாக வாடியது. தண்ணீர் குறைவு என்று நினைத்து இறைத்தேன், இன்னும் வேகமாக வாடியது. ஒரு செடியைப் பிடுங்கிப் பார்த்தால் அடித்தண்டில் வெள்ளை நூல் மாதிரிப் படர்ந்திருக்கிறது, மண்ணோடு ஒட்டின இடத்தில் கடுகு போலச் சின்னச் சின்ன மண்ணிற உருண்டை. ஒரு கடையில் காட்டினேன். இலைப்புள்ளிக்கு அடிக்கிற மருந்தைத் தந்தார்கள். இரண்டு முறை அடித்தேன். காசும் போய் முக்கால் ஏக்கரும் போனது.

என் மகன் உயர்தரம் படிக்கிறான். அந்தக் கடுகு உருண்டையைப் படம் எடுத்து, அதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று தேடித் தேடி ஒரு திறந்த கட்டுரையைப் பிடித்தான். ஸ்க்லெரோட்டியம் என்ற பூஞ்சணமாம். அந்த உருண்டைகள்தான் அதன் வித்து மாதிரி, மண்ணில் வருடக் கணக்கில் கிடக்குமாம். ஈரமும் சூடும் சேர்ந்தால் முளைக்குமாம். நான் இறைத்த தண்ணீர்தான் அதற்குச் சோறு. ஆழ உழுது பழைய குப்பையைக் கீழே புதைக்க வேண்டும், அதே தறையில் திருப்பித் திருப்பிக் கச்சான் போடக் கூடாது, ட்ரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சணத்தைத் தொழுவெருவோடு கலந்து போடலாம் என்று இருந்தது. எவ்வளவு போடுவது, எங்கள் மாதிரி மணல் கலந்த செம்மண்ணுக்குச் சரிவருமா என்று பார்க்க அடுத்த கட்டுரைக்குப் போனான். அங்கே காசுப் பெட்டி.

பிறகு விவசாயப் போதனாசிரியரைப் பிடித்துக் கேட்டு, இந்த முறை தறை மாற்றிப் போட்டிருக்கிறேன். அவர் நல்ல மனிசன், ஆனால் அவருக்கும் அந்தக் கட்டுரை திறக்கவில்லை. வருடத்துக்குப் பத்துப் பேர் என்கிறீர்கள். அந்தப் பத்தில் ஒருவர் எங்கள் போதனாசிரியராக இருந்தால் இருநூறு தோட்டத்துக்குப் போய்ச் சேரும்.

செட்டிகுளத்தான்
6 ஒக்டோபர் 2025, காலை 7.10

கச்சான்காரன் சொன்னதை வாசித்துவிட்டு எழுதுகிறேன். அப்பாவுக்குச் சிறுநீரகம். கிழமைக்கு இரண்டு தடவை இரத்தச் சுத்திகரிப்பு. நீரிழிவும் இல்லை, பிரசரும் இல்லை. காரணம் தெரியாத சிறுநீரக நோய் என்று அட்டையில் எழுதியிருக்கிறார்கள். 1990 களில் வடமத்திய மாகாணத்தில் கவனித்த நோய். எல்லைக்கு இந்தப் பக்கம் எங்கள் வவுனியாவிலும் இருக்கிறது. தண்ணீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, பூச்சிமருந்து, வெயிலில் தண்ணீர் குடியாமல் வேலை செய்வது என்று எத்தனையோ சொல்கிறார்கள், இதுதான் என்று இன்னும் முடிவாகவில்லை.

எனக்கு இரண்டு தம்பிமார். மூன்று பேரும் அதே கிணற்றில் குடித்து வளர்ந்தவர்கள். அந்தக் கிணற்றை மூடுவதா, வடிகட்டி போட்டால் போதுமா? வைத்தியருக்கு ஒரு நோயாளிக்குத் தர இருப்பது ஐந்து நிமிடம். மீதியை நானே படித்து அறிய வேண்டும். திறந்திருந்தவற்றைப் படித்தேன். ஒன்று இன்னொன்றைச் சுட்டும், அதைத் தேடிப் போனால் பூட்டு. பாதிக் கதையைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வருவது போல. யானை வேலியும் வேண்டும் அண்ணை, இதுவும் வேண்டும்.

தேக்கங்காடு
6 ஒக்டோபர் 2025, காலை 9.00

தம்பி, அப்பாவைப் பற்றிக் கேட்டு மனம் கஷ்டப்படுகிறது. நான் மாணவர்களை மட்டும்தான் நினைத்தேன், தோட்டக்காரரையும் நோயாளியின் வீட்டையும் நினைக்கவில்லை. காசைப் பற்றிய என் கேள்வி மட்டும் அப்படியே இருக்கிறது. யார் கட்டுவது?

வைகைக்கரை
6 ஒக்டோபர் 2025, காலை 11.45

மதுரையிலிருந்து எழுதுகிறேன், இந்த இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன். எங்கள் நாட்டில் 'ஒரே நாடு ஒரே சந்தா' என்ற திட்டத்துக்கு 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்கள், ஏறத்தாழ 13,000 சஞ்சிகைகள். 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள், ஆய்வு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். முன்பு பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்தது இன்று சின்ன ஊர் அரசுக் கல்லூரிக்கும் கிடைக்கிறது, அது பெரிய விஷயம்.

ஆனால் பொது நூலகம் அந்தப் பட்டியலில் இல்லை. மதுரையில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் எவ்வளவு பெரியது என்று படத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கே வந்து உட்காரும் ஒரு விவசாயிக்கோ வேலை தேடும் பையனுக்கோ இந்தச் சந்தா இப்போதைக்குத் திறக்காது. அடுத்த கட்டங்களில் பொது நூலகம் வழியாக மக்களுக்கும் என்ற பேச்சு இருக்கிறது. ஆக, நாடு முழுக்க வாங்கினாலும் யாருக்கு என்று முதல் நாளே எழுதாவிட்டால் பொது வாசகர் வெளியேதான் நிற்பார். நீங்கள் கேட்கும்போது அந்த வரியை முதலில் கேளுங்கள்.

முத்தையன்கட்டான்
6 ஒக்டோபர் 2025, மாலை 6.20

மதுரை நண்பர் சொன்னது முக்கியம். மக்களுக்கு என்று எழுதிவைத்த நாடுகளும் இருக்கின்றன. எகிப்து 2016 இல் தன் குடிமக்கள் எல்லோருக்கும் அறிவு வங்கி என்று ஒன்றைத் திறந்தது. உருகுவேயில் டிம்போ. ஐஸ்லாந்தில் நாட்டுக்குள் எங்கிருந்து இணையத்துக்குப் போனாலும் வாங்கிய சஞ்சிகைகள் திறக்கும், அங்கே சனத்தொகை நாலு இலட்சம்கூட இல்லை. எங்கள் வட மாகாணத்தில் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல் சனம்.

வீரையடி
7 ஒக்டோபர் 2025, இரவு 10.10

நான் ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்கிறேன். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லவில்லை, இது என் சொந்தக் கருத்து. தேக்கங்காடு ஐயாவின் காசுக் கேள்விக்கு என்னால் முடிந்த பதில்.

புதிதாக வாங்குவதற்கு முன்னால், ஏற்கெனவே வாங்கியதில் மக்களுக்கு என்ன பங்கு இருக்கிறது என்று பாருங்கள். இலங்கைப் பல்கலைக்கழக நூலகங்களுக்கு ஒரு கூட்டமைப்பு இருக்கிறது, சந்தாக்களைச் சேர்ந்து பேசுகிறார்கள். உலகம் முழுவதும் இப்படியான உடன்படிக்கைகள் பலவற்றில் ஒரு வரி இருக்கும்: நேரில் வரும் வாசகர். அந்த வரி இருந்தால், மாணவர் அல்லாத ஒருவர் நூலகக் கட்டடத்துக்குள் வந்து, அங்கே உள்ள கணினியில் இருந்து படிக்கலாம். வீட்டில் இருந்து முடியாது, கடவுச்சொல் தர மாட்டார்கள், ஆனால் உள்ளே இருந்து வாசிக்கலாம். ஒவ்வொரு ஒப்பந்தமும் வேறு வேறு, ஆகவே போகும் முன் கேட்க வேண்டும். என் அனுபவத்தில் கேட்டு வந்தவர்கள் ஒரு கைக்குள் அடங்குவார்கள். இப்படி ஒன்று இருப்பதாக வெளியில் யாருக்கும் நாங்கள் சொன்னதில்லை. அது எங்கள் பிழை.

கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் இருக்கின்றன. பம்பைமடுவில் வளாகமாக இருந்தது 2021 ஓகஸ்ட் 1 முதல் வவுனியாப் பல்கலைக்கழகம். வன்னியின் வடக்கிலும் தெற்கிலும் ஒவ்வொன்று. ஒரு பிரதேச சபை நூலகர் கடிதம் கொடுத்து, அதோடு வருபவருக்கு ஒரு நாள் அனுமதி என்று இரு பக்கமும் பேசி ஒழுங்கு செய்தால் அதற்குப் பெரிய காசு வேண்டாம்.

அடுத்தது ரிசர்ச் ஃபோர் லைஃப். 2002 இல் உலக சுகாதார நிறுவனம் பதிப்பகங்களோடு பேசி மருத்துவச் சஞ்சிகைகளுக்காக ஹினாரி என்று தொடங்கியது. பிறகு விவசாயத்துக்கு அகோரா, சூழலுக்கும் சட்டத்துக்கும் வேறு வேறு. வருமானம் குறைந்த நாடுகளின் நிறுவனங்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்துக்கோ தருகிறார்கள், இலங்கையும் பட்டியலில் உண்டு. தனி ஆள் பதிய முடியாது, நிறுவனம்தான் பதிய வேண்டும். வைத்தியசாலை, ஆய்வு நிலையம், அரச அலுவலகம் போன்றவை பதியலாம். கச்சான்காரன் அண்ணையின் போதனாசிரியருக்கு அவருடைய திணைக்களம் பதிந்திருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாலைப்பழம் தங்கச்சிக்கு மூன்று விடயம். கட்டுரை எழுதியவருக்கே மின்னஞ்சல் போடுங்கள். சுருக்கத்தின் கீழே முகவரி இருக்கும். தங்கள் கட்டுரையின் பிரதியைக் கேட்டால் பலர் சந்தோசமாக அனுப்புவார்கள். இரண்டாவது, அன்பேவோல் என்ற சின்னச் செருகியை உலாவியில் போட்டால், அதே கட்டுரை எங்கேயாவது சட்டப்படி இலவசமாக இருந்தால் காட்டும். மூன்றாவது, ஜேஸ்டோர் என்ற சஞ்சிகைத் தளத்தில் கணக்குத் திறந்தால் மாதம் 100 கட்டுரை வரை இணையத்திலேயே வாசிக்கலாம். இலங்கைச் சஞ்சிகைகள் பல ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் தளத்தில் திறந்தே கிடக்கின்றன. மருத்துவத்துக்குப் பப்மெட் சென்ட்ரல். பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து எழுதும் கொக்ரேன் அமைப்பு தன் சுருக்கங்கள் சிலவற்றைத் தமிழிலேயே போட்டிருக்கிறது, செட்டிகுளத்துத் தம்பி அதையும் பாருங்கள்.

நந்திக்கடல்
8 ஒக்டோபர் 2025, காலை 7.00

வீரையடி அக்கா, இதில் பாதி எனக்குத் தெரியாது. நன்றி. 'நூலகம்' என்ற பெயரில் உள்ள இணையத்தளத்தையும் சேருங்கள். 2005 இல் தொடங்கி, எங்கள் ஆட்களே வருடி வருடி ஏற்றியது, இன்று ஓர் இலட்சம் ஆவணத்துக்கு மேல். பழைய பத்திரிகை, கோயில் மலர், பிரதேச மலர் எல்லாம் அங்கேதான் எடுத்தேன்.

நூலகத்தடி
8 ஒக்டோபர் 2025, மதியம் 2.45

வீரையடி எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். நேரில் வரும் வாசகர் என்ற வரியைப் பத்து வருடமாக வேலை செய்யும் எனக்கே யாரும் சொல்லவில்லை.

எங்கள் நூலக விழாக்களில் 1981 ஐப் பற்றிப் பேசாத பேச்சாளர் இல்லை. யாழ்ப்பாணத்தில் எரிந்த 97,000 நூல்களைப் பற்றிக் கேட்டுத்தான் நானும் இந்த வேலைக்கு வர ஆசைப்பட்டேன். 2009 இல் எங்கள் பக்க நூலகங்களுக்கு நடந்ததைக் கண்ணால் கண்டவன். இல்லாமல் போனதைப் பற்றி நன்றாகப் பேசுகிறோம். இருந்தும் திறக்காமல் கிடப்பதைப் பற்றி எந்த மேடையிலும் கேட்டதில்லை. இது வாசிப்பு மாதம், இந்த முறையாவது கதைக்க வேண்டும்.

தேக்கங்காடு ஐயா கேட்டதற்கு என் கணக்கு இது. மாகாண சபை 2018 ஒக்டோபரில் கலைந்தது, பிறகு தேர்தல் இல்லை. ஆகவே ஜோர்ஜியா மாதிரி மாகாணமே எழுந்து நின்று காசு ஒதுக்கும் என்று காத்திருந்தால் காலம் போகும். ஆனால் வடக்கில் 34 உள்ளூராட்சி சபைகள் இருக்கின்றன. மே 6 தேர்தலுக்குப் பிறகு தவிசாளர், உறுப்பினர் எல்லோரும் இருக்கிறார்கள். அடுத்த வருட வரவு செலவுத் திட்டம் இந்தக் கார்த்திகை, மார்கழியில் வரும். அதற்குள் சபையில் மூன்றைக் கேட்கப் போகிறேன். மாறாத ஐபி முகவரி. ஒழுங்கான இரண்டு கணினி. தேடிக் கொடுக்கத் தெரிந்த ஒரு பிள்ளைக்குப் பயிற்சி. மூன்றாவதுதான் மற்ற இரண்டையும்விட முக்கியம். முன்பு அரசாங்கம் நெனசல என்று ஊர்களில் கணினி நிலையங்கள் திறந்தது. நான் பார்த்த ஒன்றில் இயந்திரம் இருந்தது, சொல்லிக் கொடுக்க ஆள் நிற்கவில்லை. இரண்டு வருடத்தில் பூட்டுத்தான்.

34 சபையும் இதைச் செய்த பிறகு எல்லோருமாகச் சேர்ந்து பல்கலைக்கழகக் கூட்டமைப்பிடம் போகலாம். அடுத்த ஒப்பந்தம் பேசும்போது வடக்கின் பொது நூலகங்களையும் ஒரு வரியில் சேருங்கள் என்று கேட்கலாம். அப்போது விலை என்ன என்று தெரியும், யார் எவ்வளவு கட்டுவது என்று கதைக்கலாம். முகவரியே இல்லாமல் போய்க் கேட்டால் அனுதாபம்தான் கிடைக்கும்.

தேக்கங்காடு
8 ஒக்டோபர் 2025, மாலை 4.30

இதில் நான் உடன்படுகிறேன். சிறுவர் புத்தகக் காசில் கை வைக்காத வழி. எங்கள் சபை உறுப்பினர் ஒருவரை எனக்குத் தெரியும், கடிதத்தின் பிரதியை அனுப்புங்கள். நானும் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

கச்சான்காரன்
8 ஒக்டோபர் 2025, இரவு 9.15

எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கிறதே, அதற்கு என்ன வழி? என் மகன் ஒரு கட்டுரைக்கு மூன்று இரவு முழித்தான்.

வீரையடி
8 ஒக்டோபர் 2025, இரவு 11.00

அண்ணை, இதற்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. மொழிபெயர்ப்புச் செயலிகள் ஓரளவுக்கு உதவும். ஆனால் மருந்தின் அளவு, மண்ணின் பெயர் இவற்றில் பிழைவிடும், அதை நம்பி மருந்து அடிக்காதீர்கள். வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு கட்டுரையை எடுத்து, ஒருவர் வாசித்துச் சொல்ல மற்றவர் கேள்வி கேட்கலாம். பீடத்தில் படிக்கும் பிள்ளைகளில் விசுவமடு, தர்மபுரம், அக்கராயன் ஆட்கள் இருப்பார்கள். கேட்டால் வருவார்கள் என்று நம்புகிறேன்.

பாலைப்பழம்
19 ஒக்டோபர் 2025, மாலை 6.40

எழுதப் பிந்திவிட்டது, மன்னியுங்கள். நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன்.

நான்கு பேருக்கு மின்னஞ்சல் போட்டேன். கடிதத்தை நூலகத்தடி ஐயாதான் பார்த்துத் திருத்தித் தந்தார். ஒருவர் அன்றிரவே கட்டுரையை அனுப்பி, என் ஆய்வு முடிந்ததும் தனக்கும் அனுப்பச் சொல்லியிருந்தார். இன்னொருவர் ஐந்து நாள் கழித்து அனுப்பினார். மற்ற இரண்டு பேரிடம் இருந்தும் பதில் இல்லை. அந்த இரண்டுக்காக மாங்குளத்தில் பஸ் மாறி அறிவியல்நகருக்குப் போகக் கடிதம் தயாராக இருக்கிறது.

முதல் கட்டுரை பதினொரு பக்கம். நான்கு நாள் எடுத்தது. முடிந்ததும் அம்மாவைப் பக்கத்தில் இருத்தி, அட்டவணையை ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். குடும்பத்துக்கு எத்தனை கடன், கிழமைக்கு எவ்வளவு கட்டுகிறார்கள், குழுவில் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் எப்படிச் சேர்த்துக் கட்டுகிறார்கள் என்று எல்லாம் இருந்தது. அம்மா பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார். முடிவில், "நகை எங்கே?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "கிழமைக் காசு கட்ட முடியாமல் தோட்டை அடகு வைத்தோம், சீட்டைத் தள்ளி எடுத்தோம். அதுவும் கடன்தானே, அது எந்த வரியில் இருக்கிறது?" என்று கேட்டார். தேடிப் பார்த்தேன். கம்பனிக் கடன் மட்டும்தான் எண்ணியிருக்கிறார்கள். அடகும் சீட்டும் இல்லை. படிவத்தில் அந்தக் கேள்வியே இருக்கவில்லை என்று அம்மா சொல்கிறார்.

என் ஆய்வுக் கேள்வியை மாற்றிவிட்டேன். மேற்பார்வையாளரும் சம்மதித்துவிட்டார். அனுப்பிய ஆசிரியருக்கும் அம்மா சொன்னதை எழுதியிருக்கிறேன்.

நூலகத்தடி
19 ஒக்டோபர் 2025, இரவு 8.05

பிள்ளை, வருகிற 25 ஆம் திகதி சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாசகர் வட்டம். உங்கள் கட்டுரையைத்தான் எடுக்கிறோம். அட்டவணை உள்ள பக்கத்தை இருபது பிரதி எடுத்து வைக்கிறேன். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவவுக்குத் தெரிந்த மற்றப் பெண்களும் வரட்டும், கதிரை காணாவிட்டால் சனசமூக நிலையத்தில் எடுக்கலாம்.

சபைக்கான கடிதத்தைச் செவ்வாய்க்கிழமை கொடுக்கிறேன். தேக்கங்காடு ஐயா, உங்கள் பிரதி தபாலில் வருகிறது.